ரெமிஜியுஸ் பாலத்தில் நின்றது

மண்டபம் வடகடல் ஜெட்டியில்
டோக்கன் எழுதுவது என் வேலை.
படகு எண், ஆட்கள் எத்தனை, டீசல் எவ்வளவு.
எங்கே போகிறார்கள் என்ற கட்டத்தில்
எல்லோருக்கும் 'கடல்' என்றே எழுதுகிறேன்.
அதற்குமேல் கேட்டால்
அவர்களுக்கும் தெரியாது, மீனுக்கும் தெரியாது.

தம்பி ரெமிஜியுஸ் போலந்தில் இருக்கிறான்,
ஓர் ஆற்றோர ஊர்.
ஆற்றுக்கு ஓடர் என்று பெயராம்.
ஓடுதா என்று கேட்டேன்.
"ஓடுதுக்கா. நம்ம வைகை மாதிரி இல்ல."
அக்கரை ஜெர்மனி.
கிட்டங்கியில் பார்சல் ஒட்டுகிறான்.
மேஸ்திரிக்கும் ரெமிகியுஷ் என்றுதான் பெயர்;
முதல் நாள் பேர் கூப்பிட்டபோது
இரண்டு பேரும் கை தூக்கினார்களாம்.

இரவு ஷிப்ட் முடிந்து குரல் அனுப்புவான்.
வாடைக்கு முதுகைக் கொடுத்துக் கேட்பேன்.

அந்த ஊர் ஒரு காலத்தில்
அக்கரை ஊரின் கொல்லைப்புறம்.
சண்டை முடிந்ததும் ஆற்றின் நடுவே கோடு விழுந்தது.
இருந்தவர்கள் மூட்டையோடு மேற்கே போனார்கள்.
கிழக்கே ஊர் இழந்தவர்கள்
மாட்டோடு ரயிலில் வந்து இறங்கினார்கள்.
அடுப்பில் யாரோ வைத்த பானை,
சுவரில் யாருடையதோ கல்யாணப் படம்.
இருபது வருஷம் பெட்டியைப் பரணில் ஏற்றவில்லையாம்.
மறுபடி எழுப்புவார்கள் என்று
வாசலில் ஓர் ஆப்பிள் கன்றுகூட வைக்கவில்லையாம்.

ஆச்சரியமாகச் சொன்னான்.
முகாமில் கடைசி வரிசைப் புஷ்பகாந்தி
முப்பத்துநாலு வருஷமாகக் கறிவேப்பிலையை
பெயின்ட் டப்பாவிலேயே வளர்ப்பதை
மறந்துவிட்டான் போல.
நான் நினைவூட்டவில்லை.

நம் கோடு கடலில் கிடக்கிறது.
போட்டவர்கள் ஒருநாளும்
படகில் வாந்தி எடுத்திருக்க மாட்டார்கள்.
கண்ணுக்குத் தெரியாது.
அரிச்சல்முனைப் பக்கம் போனால்
போனுக்கு மட்டும் தெரியும்:
'இலங்கைக்கு நல்வரவு.'

ரெமிஜியுஸ் அந்த வரவேற்பை நம்பிப் போகவில்லை.
இன்ஜின் நின்று, நீவாடு இழுத்து,
ஐந்து வாரம் யாழ்ப்பாணச் சிறை.
சோறு மோசமில்லை என்றான்.
கோர்ட்டு வாசலில் ஒரு நெடுந்தீவுக்காரர்
அறுந்த வலையை விரித்துக் காட்டி,
"இதுக்கு என்ன சொல்லுறீர் தம்பி?" என்றாராம்.
அதற்கு இவனிடம் பதில் இல்லை.
என்னிடமும் இல்லை,
டோக்கன் கொடுத்தது நான்.
படகு அங்கேயே மழை குடித்துச் சாய்ந்து கிடக்கிறது.
என் பதிவேட்டில் அதற்கு
போன நேரம் மூன்று நாற்பது.
வந்த நேரம் காலி.

போன ஞாயிறு அனுப்பியது இரண்டு நிமிஷம்.
பூசை முடிந்து பாலத்தில் ஏறினானாம்.
சில நாள் போலீஸ் நிற்கும், அன்று இல்லை.
நடுவில் வந்ததும் கால் நின்றுவிட்டது.
பாஸ்போர்ட்டை எடுத்து
எல்லோருக்கும் தெரிகிற மாதிரி
நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றானாம்.
யாரும் வரவில்லை.
சைக்கிளில் ஒரு பெண்
மணியடித்து ஒதுங்கச் சொன்னாள்.
அக்கரைக் கிழவர்கள்
முடி வெட்டவும் சிகரெட் வாங்கவும்
இக்கரைக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்கள்,
நாம் முக்குக் கடைக்குப் போவதுபோல.
அப்போது பையில் போன் அதிர்ந்திருக்கிறது.
நல்வரவாகத்தான் இருக்கும்.
படிக்காமல் அழித்துவிட்டான்.

அப்புறம்?
"போய் ஒரு ரொட்டி வாங்கிட்டு வந்தேன்கா.
அவ்வளவுதான். உப்பு கம்மி."

குரலை மறுபடி ஓடவிட்டேன்,
பின்னால் ஆற்றுச் சத்தம் கேட்கிறதா என்று.
காற்றுதான் இருந்தது,
அது அவன் பக்கத்துக் காற்றா, இந்த ஜெட்டியினுடையதா...
"சீக்கிரம்க்கா" என்றார்கள் வரிசையில்.
படகு எண் கேட்டேன்.